நூலகத்தில் ஓர் ஆய்வு

வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் ஆசிரியை அவள். ஆதாரம் இல்லாத வரி ஒன்று கண்ணில் பட்டாலும் விடமாட்டாள்.

அன்று ஒரு மாணவி அவள் அறைக்கு வந்து, "மேடம், என் தலைப்பு, ஆசிரியர்கள் நூலகத்துக்கு ஏன் வர்றாங்க?" என்றாள்.

"நல்ல தலைப்பு. என்ன கண்டுபிடிச்சே?"

"எல்லாரும் புத்தகத்துக்காக வர்றாங்க. ஒருத்தங்க மட்டும் நூலகருக்காக வர்றாங்க. அவர்மேல அவங்களுக்கு ஒரு இது."

"இது வெறும் ஊகம். ஆதாரம் எங்கே?"

"தினமும் வர்றாங்க. ஆனா ஒரு புத்தகம்கூட எடுக்கிறதில்லை."

"அங்கேயே உட்கார்ந்து படிக்கலாமில்லையா? இது செல்லாது."

"நூலகரையே பேட்டி எடுத்தேன் மேடம். அவங்க வராத நாள்ல தனக்கு வேலையே ஓடலைன்னு சொன்னார்."

ஆசிரியை சட்டென்று முன்னால் குனிந்தாள். "நிஜமாவா? அவரே சொன்னாரா?"

"அவரேதான். ஆனா ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவு எழுதக் கூடாதுன்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க? அதான் உங்களையும் பேட்டி எடுக்க வந்திருக்கேன்."

ஆசிரியைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்.

"ஆமான்னு எழுதிக்கோ. ஆனா பேட்டி கொடுத்தவங்க பேரை வெளியிடக் கூடாது, அதுவும் வகுப்புல சொன்னதுதான்!"