கதவில் தொங்கிய ரஜாய்

"இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க ரீ. அடியில சந்து இருக்கு, சத்தம் வெளிய போயிடும்" என்றாள் சவிதா. கணவனைக் கன்னட வழக்கப்படி 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள்.

நாகபூஷண் ஸ்டூல் மேல் நின்று, கதவின் உட்பக்கம் பஞ்சு அடைத்த கனத்த ரஜாய்ப் போர்வை ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். "உள்ள யாரையாவது வச்சு அடிக்கப் போறியா?" என்றான். சவிதா சிரிக்கவில்லை. அவள் சிரித்தே பல நாளாகிவிட்டது.

பெங்களூரில் அவள் வேலை பார்த்த நிறுவனத்துக்கு விசித்திரமான தொழில். மற்ற கம்பெனிகள் ஆள் குறைக்கும்போது, "இனி உங்களுக்கு வேலை இல்லை" என்கிற சேதியை ஊழியர்களிடம் அவர்கள் சார்பில் பக்குவமாக எடுத்துச் சொல்வது. எந்தக் கம்பெனி, எந்த ஆள் என்று கட்டிய கணவனிடம்கூட மூச்சு விடக் கூடாது. ஆபீசில் உட்கார்ந்து சொல்லிவந்ததை இனி வீட்டிலிருந்தே வீடியோவில் சொல்ல வேண்டும் என்று புதிதாக உத்தரவு வந்திருந்தது.

"சொல்றவங்க வசதியா உட்காரணுமாம். அப்பதான் குரல் நடுங்காதாம்" என்றாள்.

ஆக, பிறத்தியார் வயிற்றில் அடிப்பதற்குச் சொகுசாக ஓர் அறை. நாகபூஷண் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தன் ஆபீஸ் வேலையைச் சமையலறை மேசையிலேயே பார்த்துக்கொள்கிறவன், இவளுக்காக லீவு போட்டுவிட்டு இறங்கியிருந்தான். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழும்படி மேசையைத் திருப்பினான். முதுகு வலிக்காத நாற்காலி வாங்கிவந்தான். அதில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை என்றதும் மணை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டான்.

அவளை நினைத்தால் அவனுக்குப் பயமாக இருந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு ஆளுக்காகவும் குளியலறையில் அழுதவள், இப்போது அழுவதே இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். அறை நன்றாக அமைந்துவிட்டால் பழைய சவிதா திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பினான்.

கடைசி ஆணி அடிக்கும்போது அவள் போன் அடித்தது.

"வேண்டாம் மேடம், வேற யாருக்கும் மாத்த வேண்டாம். ஆமா, நல்லா யோசிச்சுட்டேன். அந்த ஒரு ஆள்கிட்ட நானே பேசறேன்."

"யாரு, பெரிய புள்ளியா?" என்று கேட்டான்.

"சொல்லக் கூடாதுன்னு தெரியுமில்ல."

மத்தியானம் அரிசி மாவில் அவரைக்கொட்டை போட்டு அக்கி ரொட்டி தட்டினாள். அவன் போதும் போதும் என்ற பிறகும் இன்னொன்றைத் தட்டில் போட்டாள். தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

"இங்க பாரு, எப்படியும் யாரோ ஒருத்தர் சொல்லத்தான் போறாங்க" என்றான் நாகபூஷண். "நீ சொன்னா கொஞ்சம் மரியாதையா சொல்லுவ. அந்த ஆளுக்கு அதுவே பெரிசு."

சவிதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிஜமாவா சொல்றீங்க?"

"சத்தியமா. போ, போய் வேலையைப் பாரு."

அவள் முகம் கழுவி, தலை வாரி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காதை வைத்துக் கேட்டான். ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. தன் கைவேலையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

லீவு நாளிலும் அவனை விடாமல் மேனேஜர் சாயங்காலத்துக்கு ஒரு மீட்டிங் போட்டிருந்தார். போன மாதம் முடித்துக் கொடுத்த வேலைக்குப் பாராட்டாகத்தான் இருக்கும். அரை டவுசருக்கு மேல் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ரொட்டிக் கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு, சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்தான்.

மேனேஜர் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. "பூஷண், உங்ககிட்ட பேச வெளியிலிருந்து ஒருத்தரை ஏற்பாடு பண்ணியிருக்கோம். அவங்க பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் காணாமல் போனார்.

திரை கறுத்து, பிறகு நல்ல வெளிச்சத்தில் ஒரு முகம் வந்தது. அதில் ஒரு சலனமும் இல்லை.

"நமஸ்காரம், மிஸ்டர் நாகபூஷண். என் பேர் சவிதா, உங்க கம்பெனி சார்பா பேசறேன்."