பிரிக்காத பெட்டி

பெட்டியை இன்னும் யாரும் பிரிக்கவே இல்லை.

ரெனே குளியலறை வாஷ்பேசினுக்குக் கீழே மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வான்கோழி வாங்கப் போனபோது, மொத்த விலைக் கடையில் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்த பெரிய நாப்கின் பெட்டி. இப்போது பிப்ரவரி. தாயும் மகளும் எடுக்கிற வீட்டில் அது எப்போதோ காலியாகியிருக்க வேண்டும்.

அவளுக்கு உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. பயத்தில் வியர்க்கத்தானே செய்யும். எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

"ரெனே, அந்த ஜன்னலைச் சாத்தேன்! இன்னும் கொஞ்ச நேரம் விட்டா வீட்டுக்குள்ளயே ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கலாம்!" கூடத்திலிருந்து கணவன் டேல் குரல் கொடுத்தான்.

"வாயை மூடிட்டு இருக்கியா கொஞ்சம்!"

டேல் மூடிக்கொண்டான். இந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு அது நன்றாகவே பழகியிருந்தது.

ரெனே முப்பது தாண்டிப் பெற்ற ஒரே பெண் பிரிட்டா. பதினேழு வயது. டுலூத்தில் ஒரு கல்லூரி அவளை ஐஸ் ஹாக்கி அணிக்கு எடுத்து, படிப்புச் செலவையும் ஏற்றுக்கொண்டிருந்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஐஸில் இறங்க முடியுமா? எல்லாம் போய்விடும்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. பெண் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்குள்ளும் அப்பாவின் தொளதொள ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு திரிகிறாள். சாப்பிட்டு எழுந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

சொல்ல நினைத்திருப்பாள், பாவம். சொல்ல விட்டால்தானே? கிறிஸ்துமஸ் அன்று ஸ்கேட்டை நடையில் போட்டதற்காக, வந்திருந்தவர்கள் முன்னாலேயே அவளை அழ வைத்தாள் ரெனே. மறுநாள் பெண் ஏதோ பேச வந்தபோது, "இப்ப வேணாம், போ" என்று விரட்டியதும் அவள்தான். வேலை பார்க்கும் கடையில் ஆள் குறைந்ததிலிருந்து தன் உடம்பையே கவனிக்க நேரமில்லாதவள், பெண்ணை எங்கே கவனித்தாள்? நானெல்லாம் ஒரு அம்மாவா?

உள்ளூர் மருந்துக் கடையில் கல்லாவில் இருப்பவள் சர்ச்சுக்காரி. கர்ப்பம் பார்க்கிற டெஸ்ட்டை அங்கே வாங்கினால், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காபி ஊற்றுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே ஏரியைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குக் காரை ஓட்டினாள். ஹீட்டரை அணைத்து, கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு, வழியெல்லாம் அழுதாள்.

சாயங்காலம் பயிற்சி முடிந்து பிரிட்டா வந்தாள். ரெனே அவள் பின்னாலேயே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இப்ப நான் என்னம்மா பண்ணேன்?" என்றாள் பிரிட்டா உடனே.

அந்தக் கேள்வி ரெனேயைச் சுருக்கென்று தைத்தது.

"நீ ஒண்ணும் பண்ணல கண்ணு. தப்பெல்லாம் என் மேலதான். எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்தேன், அதான் நீ எங்கிட்ட சொல்லல." மருந்துக் கடைப் பையை நீட்டினாள். "எதுவா இருந்தாலும் நான் கூட இருக்கேன். அப்பாகிட்ட நானே பேசிக்கறேன்."

பிரிட்டா பைக்குள் பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"அம்மா! உனக்கென்ன பைத்தியமா? விடிஞ்சா பிராக்டிஸ், பொழுது சாஞ்சா பிராக்டிஸ். நான் யார்கூடப் போறேன், அந்த ஹாக்கி ரப்பர் வட்டுகூடவா?"

"அப்ப ஏன்டி அந்த ஸ்வெட்டர்?"

"வீடு விறைக்குதும்மா! வெளியில மைனஸ் இருபது, நீ ஜன்னலைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்க!"

"அறைக்குள்ளயே அடைஞ்சு கிடக்கறியே?"

"வெளிய வந்தா நீ திட்டற."

ரெனேவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். பெற்ற பெண்ணைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டாள்!

"என்னை மன்னிச்சுடு கண்ணு. நாப்கின் பெட்டி பிரிக்காமலே கிடந்துச்சா, உனக்கு நின்னுபோச்சுன்னு பயந்துட்டேன்."

"நான்தான் அதுல எடுக்கறதே இல்லையே! அவ்வளவு கவசத்தையும் மாட்டிக்கிட்டு நாப்கினோட ஆட முடியலன்னு, போன கோடை கேம்ப்லயே டீம் மொத்தமும் மென்ஸ்ட்ருவல் கப்புக்கு மாறிட்டோம். சொல்லலாம்னு வந்தேன், நீதான் விரட்டிட்ட."

"அப்ப அந்தப் பெட்டி ஏன் அப்படியே…" என்று ஆரம்பித்த ரெனே பாதியில் நிறுத்தினாள். கழுத்திலிருந்து நெற்றிவரை மறுபடியும் குப்பென்று சூடு ஏறியது. இப்போது பயப்படக்கூட ஒன்றுமில்லை.

பிரிட்டா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வியர்த்திருந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நின்னுபோனது எனக்கில்லம்மா, உனக்கு."