கோபம் போன பிள்ளை

அடைக்கலமேரி தூக்குவாளியை மேசைமேல் வைத்துவிட்டு, ஹெப்சிபாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வஞ்சிரம் வறுவல் மேடம். எம்புள்ளைய எனக்கு திருப்பிக் குட்த்துகிறீங்க. டெரிக்கோட அம்மா நானு."

ஹெப்சிபா யாரென்று தேடுவதுபோல் பார்த்தாள். எத்தனை பிள்ளைகள் வந்து போகும் இடம், பாவம். ராயபுரத்தில் இந்தச் சின்னக் கூடத்தை அவள்தான் நடத்துகிறாள். ஆத்திரம் தலைக்கேறிய பையன்களை உட்கார வைத்து, மனம் ஆறும்வரை பேசுவாள்.

மூத்தவன் அம்புரோஸ் கொடிக்கம்பத் தகராறில் வெட்டுப்பட்டுச் செத்ததிலிருந்து, இளையவன் டெரிக் சோறு தண்ணி இல்லாமல் போனிலேயே கிடந்தான். எல்லாம் பழிக்குப் பழி என்று கத்தும் வீடியோக்கள். தூக்கத்திலும் பல்லைக் கடித்தான். அடைக்கலமேரிதான் மீன்கூடையை இறக்கிவிட்டு, அவனை இழுத்துவந்து இங்கே சேர்த்தாள்.

"அக்கா, டெரிக் வந்து..." என்று ஹெப்சிபா ஏதோ சொல்ல வந்தாள்.

அடைக்கலமேரி விட்டால்தானே.

"இப்போ குடி இல்ல, சிகரெட் இல்ல. வெடியசொல்லோ எந்திரிச்சி கடலோரம் ஓட்றான். மாஸ்டர் சொன்னாருன்னா அவனுக்கு வேதவாக்கு. 'எனுக்கு யாரு மேலயும் கோவம் இல்லம்மா'ன்றான். உசுரா வச்சிகினு இருந்த ஃபுட்பால் பூட்ஸக் கூட பக்கத்து வூட்டுல குட்த்துட்டான். அவ்ளோ பெரிய மனசு!"

வீட்டில் இப்போது அவன் நடமாடும் சத்தமே கேட்பதில்லை. அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

"இன்னிக்கி காலீல நெத்தீல முத்தம் குட்த்தான் மேடம். சின்னப்புள்ளைல குட்த்தது. 'மாஸ்டர் ஒரு வேல சொல்லிகிறாரு, வர்றேம்மா'ன்னு போனான்."

அந்த முத்தம் காலையிலிருந்து நெற்றியில் ஜில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால்தானோ என்னவோ, வியாபாரத்துக்குப் போக மனமில்லாமல் வறுவலோடு இங்கே வந்துவிட்டாள். கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி. வேறு யாரும் இல்லை.

"மாஸ்டரு எங்க மேடம்? அவரையும் ஒரு தபா கும்புட்டுப் போறேன்."

"எந்த மாஸ்டர்?"

"இன்னா மேடம்! டெரிக்குக்கு இங்க சொல்லிக் குடுக்குறாரே, அவருதான்."

ஹெப்சிபா அடைக்கலமேரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா... டெரிக் இங்க வந்தே மாசக்கணக்கா ஆவுது."