முஸ்தஃபாவின் மூச்சு

"மூச்சே இல்ல," என்றார் தங்கராஜு.

புது ஆல்பத்தின் முதல் பாட்டு முடிந்து பத்து விநாடிகூட ஆகவில்லை.

'தஞ்சோங் நைட்ஸ்' ஜாஸ் குழுவுக்கு பினாங்கில் ஒரு ரசிகர் மன்றம் உண்டு. மொத்தம் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் ஹைதர் உணவகத்தின் மாடியில் தே தாரேக் டீயும் வடையுமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் தங்கராஜு. தன் அளவுக்கு ஜாஸ் தெரிந்தவர் இந்தத் தீவிலேயே கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அடிக்கடி சொல்லவும் செய்வார்.

ஊருக்கு விடுவதற்கு முன்னால் ஆல்பத்தை மன்றத்துக்குப் போட்டுக்காட்டுவது குழுவின் வழக்கம். மன்றம் தலையாட்டினால்தான் வெளியீட்டு விழா. சனிக்கிழமைக்கு மண்டபம் பிடித்து வைத்திருப்பதும் மன்றம்தான்.

பாட்டைப் போடுவதற்கு முன்பே ஆல்பத்தின் அட்டை கைமாறிக் கைமாறி வந்தது. 'சாக்ஸஃபோன்: ஃபிக்ரி' என்று இருந்தது. தங்கராஜு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"எப்பவும் ஊதுற முஸ்தஃபா அண்ணே பேரு எங்க? ஃபிக்ரின்னா யாரு, நம்ம ஸ்பீக்கர் தூக்குற ஃபிக்ரியா?"

"அவரேதான்," என்றாள் செயலாளர் குமுதா. "பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில டெக்னீஷியன். மெஷின் ரிப்பேர் பாக்குற கைல சாக்ஸைக் குடுத்துட்டாங்க."

அந்த ஃபிக்ரி அங்கேயேதான் இருந்தான். நாற்பது வயசு ஆள். வழக்கம்போல ஸ்பீக்கரைத் தூக்கிவந்து, வயர் மாட்டி, அதன் பக்கத்திலேயே நின்றிருந்தான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"எந்த இடம் சரியில்லண்ணே? சொன்னீங்கன்னா பாத்துக்குறேன்," என்றான்.

"பாத்துக்குறதுக்கு இது என்ன மெஷினா? சாக்ஸ்ங்கிறது உசுருலேர்ந்து வரணும் தம்பி. நீ சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி ஊதுறே."

மாடியே சிரித்தது.

"எனக்கு மியூசிக் போடுற லிஃப்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் குமுதா. "எத்தனாவது மாடின்னுதான் தெரியல."

இரண்டாவது பாட்டு ஓடியது. பாதியில் தங்கராஜுவின் கால் தன்பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்தது. அவர் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்து நிறுத்தினார். காலுக்கு என்ன தெரியும், அது அட்டையைப் படிக்கவில்லையே.

"நிறுத்து, போதும்," என்றார். "போன ஆல்பத்துல மூணாவது பாட்டு கேட்டிருக்கியா? முடியிற இடத்துல முஸ்தஃபா அண்ணே ஒரு மூச்சு நிறுத்துவாரு பாரு. நான் காரை ஓரமா போட்டுட்டு அழுதேன்லா. பாயான் பாரு ரோட்டுல, பட்டப்பகல்ல. போலீஸ்காரன் வந்து என்னாச்சுன்னு கேட்டான். அந்த மாதிரி ஊத முடியுமா உன்னால?"

ஃபிக்ரி வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அது மாதிரி இன்னொருக்கா வராதுண்ணே."

"ஒத்துக்கிட்டான் பாரு. மேடை ஏறலைன்னாலும் மூணு வருஷத்துல ரெண்டு ஆல்பம் குடுத்த மனுசன். அவரைத் தள்ளிவிட்டுட்டு உன் பேரைப் போட்டுக்கிட்டியே, வெக்கமா இல்ல?"

"அவரை யாரும் தள்ளலண்ணே."

"அப்படியா? அவரையே கேட்டுருவோம். அவர் வந்து ஊதுனாத்தான் சனிக்கிழமை விழா." தங்கராஜு போனை எடுத்தார்.

அதுவரை வாங்கிக் கட்டிக்கொண்டு சும்மா நின்ற ஃபிக்ரி பதறிப்போனான்.

"வேணாம்ணே. நான் விலகிக்கிறேன். விழாவும் வேணாம், என் பேரையும் எடுத்துறச் சொல்றேன். அவர்கிட்ட மட்டும் எதுவும் கேக்காதீங்க."

தங்கராஜு குமுதாவைப் பார்த்துக் கண்ணடித்தார். திருடன் மாட்டிக்கொண்டான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

"முஸ்தஃபா அண்ணே, தங்கராஜு பேசுறேன். மன்றமே கூடியிருக்கு. நீங்க திரும்பி வரணும்ணே. அந்த மூணாவது பாட்டு மாதிரி இன்னொண்ணு ஊதுங்க, போதும்."

அந்தப் பக்கத்திலிருந்து இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தம் முதலில் கேட்டது.

"தங்கராஜு, நான் சாக்ஸைத் தொட்டே மூணு வருஷம் ஆச்சுப்பா. நுரையீரல் பாதி போச்சு. படி ஏறினாலே இளைக்குது." கொஞ்சம் இருமிவிட்டுத் தொடர்ந்தார். "அந்த ரெண்டு ஆல்பமும் ஃபிக்ரி ஊதுனது. ஊரு என்னை மறந்துரும்னு அழுதேன். அவன்தான் 'உங்க பேரே இருக்கட்டும்ணே'ன்னு சொல்லி, யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியமும் வாங்கிக்கிட்டான். எனக்கு மனசு கேக்கல. இந்த வாட்டி நான்தான் அடம்புடிச்சு அவன் பேரைப் போட வச்சேன்."

குமுதா கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தாள். ஃபிக்ரி யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தங்கராஜுவுக்கு போனை அணைக்கவும் கை வரவில்லை.

"மன்றம் என்ன சொல்லுமோன்னு மூணு நாளா அவனுக்குச் சோறு இறங்கல, பாவம்," என்ற முஸ்தஃபாவின் குரலில் இப்போது ஆசை வழிந்தது. "கேட்டீங்கதானே? சொல்லுப்பா, எப்படிலா ஊதியிருக்கான் நம்ம ஃபிக்ரி?"