ஐந்து நட்சத்திர மாப்பிள்ளை

திரையில் ஐந்து வெற்று நட்சத்திரங்கள் வரிசையாக நின்றன. றூயியோடு கழித்த நாள் எப்படி இருந்தது என்று கணினி கேட்டது.

யோகராஜா நாலாவது நட்சத்திரத்தில் அம்புக்குறியை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். லலிதா ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினாள்.

இது சுற்றுலா வழிகாட்டி ஒருவனுக்குப் போடும் சாதாரணப் புள்ளி இல்லை. இந்த வீட்டுக்கு மருமகனாக ஒரு போர்த்துக்கல்காரன் வரலாமா கூடாதா என்பதற்கான பதில்.

மகள் தனுஷியா மேல்மாடியில் அலுவலக வேலையில் இருந்தாள். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் பாரிசில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் போய் நேற்றுத்தான் லண்டனுக்கு, செவன் கிங்ஸ் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு படத்தால் வந்தது.

போன ஆவணியில் சிநேகிதிகளோடு போர்த்துக்கல் போகிறேன் என்று புறப்பட்டவள், குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டது ஒரேயொரு படம். கோட்டைச் சுவரின் மேல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் தோளில் கை போட்டபடி ஒரு வெள்ளைக்காரன். அவன் சட்டையில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பெயர். சிநேகிதிகள் ஒருவரையும் காணோம்.

அதன் பிறகு வந்த மூன்று சம்பந்தங்களையும் அவள் வேண்டாம் என்றாள். யோகராஜாவுக்கு விளங்கிவிட்டது.

மாப்பிள்ளை பார்க்காமல் பெண் கொடுக்க முடியுமா? அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் அவன் முகத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்து வீட்டுப் பாலேந்திராவின் பெயரில், அதே வழிகாட்டியோடு, பழைய ஊர்களைப் பார்க்க இரண்டு பேருக்கு ஒருநாள் பயணம் பதிவு செய்தார். குறை கண்டுபிடிக்கத்தான் போனார், அதை மறைப்பானேன்.

குறைதான் கிடைக்கவில்லை.

இருபத்தாறு வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவர் முன் இருக்கையில் உட்கார்ந்து அவன் கையையும் காலையும் பார்த்தபடியே வந்தார். கல் பதித்த ஒடுங்கிய தெருக்களில்கூட, கண்ணாடியைப் பார்க்காமல் அவன் ஒரு தடவையும் திருப்பவில்லை. ஒபிடோஸில் சின்னச் சொக்லேட் கிண்ணத்தில் செர்ரி மது ஊற்றிக் கொடுத்தார்கள். கார் ஓட்டுகிறவன் என்பதால் அவன் வெறும் கிண்ணத்தை வாங்கித் தின்றான்.

லலிதாவின் சோதனை வேறு. வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் சாப்பிட மாட்டோம் என்று அவள் சொன்னதும், அவன் உணவகத்தின் அடுப்படிக்குள்ளேயே போய், சூப்பில் மீன் விழவில்லை என்று பார்த்துவிட்டு வந்தான். வயது, சம்பளம், சொந்த வீடா வாடகை வீடா, அப்பாவுக்குச் சீனி வியாதி இருக்கிறதா என்று அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் சலிக்காமல் பதில் சொன்னான்.

அல்கோபாசா தேவாலயத்தில் இரண்டு கல்லறைகள் இருந்தன. மகன் விரும்பியவளைப் பிடிக்காத ராஜா ஒருவன் அவளைக் கொல்ல வைத்தானாம். செத்தவர்கள் எழும்பும் கடைசி நாளில் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும் என்று மகனையும் அவளையும் பாதத்துக்குப் பாதம் எதிரெதிரே கிடத்தியிருந்தார்கள். லலிதா அழுதுவிட்டாள். யோகராஜாவுக்கு அந்த ராஜாவின் பாவத்தைத் தன் தலையில் கட்டிவிட்டது போல இருந்தது.

மாலையில் விடைபெறும்போது, வீட்டில் செய்தது என்று ஓர் ஆரஞ்சு கேக்கைப் பொதி செய்து கொடுத்தான். தாயின் கைப்பக்குவம் என்று லலிதா முடிவு கட்டினாள்.

திரும்பி வரும் விமானத்தில் யோகராஜா மருமகன் என்ற சொல்லை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

இப்போது ஐந்தாவது நட்சத்திரத்தை அமத்தினார். தங்கமான பிள்ளை என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்.

நாம் எழுதி முடித்த பிறகுதான் வழிகாட்டி நம்மைப் பற்றி எழுதியதைக் காட்டுவார்கள். அது உடனே திறந்தது. யோகராஜா மெதுவான குரலில் வாசித்தார்.

அருமையான தம்பதி. என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. என் மனைவி செய்த கேக் பிடித்திருக்கும் என்று நம்புகிறேன்.

யோகராஜா அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தார்.

எல்லாம் கேட்டவர்கள், கலியாணம் முடித்துவிட்டாயா என்று மட்டும் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் யார்தான் அதைக் கேட்பார்கள்?

யோகராஜாவுக்கு முதலில் வந்தது கவலை. ஒரே நாளில் கிடைத்த மருமகன் ஒரே வரியில் போய்விட்டான். பிறகுதான் மகளை ஏமாற்றிவிட்டானே என்று கோபம் வந்தது. எழுந்து மாடிப்படியை நோக்கி நடந்தார்.

லலிதா அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிச்சத்தை அவளே வாசித்தாள்.

இந்த அம்மா சிரித்தபோது, போன ஆவணியில் லண்டனிலிருந்து வந்த ஓர் இளம் சோடி நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கும் இதே சிரிப்பு. அவர்கள் ஓர் ஊரையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, நாள் முழுக்க ஒருவரையொருவர்தான் பார்த்தார்கள்.

"இஞ்சாருங்கோ, அப்ப அந்தப் படத்தை எடுத்தது ஆர்?"

யோகராஜா திரும்பி வந்து தொலைபேசியில் படத்தைத் தேடி எடுத்தார். எட்டு மாதமாக இருவரும் அதில் முகங்களை மட்டுமே பார்த்திருந்தார்கள். மகளின் காலடியில், வெயில் காய்ந்த கல்லின்மேல், இரண்டு கைகளையும் உயர்த்தியபடி ஒரு நிழல் நீண்டு கிடந்தது.

லலிதா அந்த நிழலை இரண்டு விரலால் பெரிதாக்கி, தலையைச் சரித்து, நிதானமாகப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைக்கு உயரம் காணும். தலைமயிர்தான் வடிவா விளங்கேல்லை."