சுவருக்கு அந்தப் பக்கம்

சுவர் கத்தியது.

அவன் மேசையை ஒரு தட்டுத் தட்டி, கோல் விழப்போகிறது என்றான்.

திரையில் ஊர் அணியின் கோல்கீப்பர் அப்போதுதான் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாருக்குப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். பாரில் பாதிப்பேர் சிரித்தார்கள். பந்து பறந்தது, உருண்டது, கால் மாறிக் கால் மாறிப் போய், எதிரணியின் வலைக்குள் சுருண்டு விழுந்தது. சிரித்தவர்களே நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள்.

அவன் காதலித்தவளின் அப்பா மட்டும் ஆடவில்லை. எலுமிச்சைச் சாற்றைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

அவர் பேருந்து ஓட்டுநர். விடிந்தால் முதல் வண்டி அவருடையது என்பதால் பாரில் எலுமிச்சைச் சாறு தவிர வேறெதையும் தொடமாட்டார். போதைக்குப் பந்து போதும். மகள் விரும்பியவனுக்கு என்ன வேலை, என்ன சம்பளம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பந்து பார்க்கத் தெரியாதவனோடு ஒரே வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது என்றுதான் கேட்டார். இறுதிப் போட்டிக்குத் தன்னோடு வந்து உட்காரட்டும், ஆட்டம் முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று சொல்லியனுப்பினார்.

ஆட்டம் என்றால், சலூன்காரர் பாதி மழித்த முகத்தோடு ஆளை விட்டுவிட்டு ஓடுகிற ஊர் அது. அதில் பந்து வாசனையே படாமல் வளர்ந்தவன் அவன் ஒருவன்தான். கண்ணாடிக் கடையில் கண்ணுக்கு அளவெடுக்கிறவன். எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று வாசிப்பான். ஆஃப்சைடு மட்டும் அவன் கண்ணுக்கு அகப்படாது.

வழி கண்டுபிடித்தவள் அவள்தான்.

வாரக்கணக்கில் இருவரும் பார் பாராக ஏறி இறங்கினார்கள். ஆளுயரத் திரை வைத்த பார், பாட்டுப் பாடியே காது கிழிக்கிற பார், கோலுக்கு ஒரு சுற்று சும்மா ஊற்றுகிற பார். எதிலும் அவளுக்குத் திருப்தியில்லை. கடைசியில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பார் இருந்த இந்தத் தெருவில் நின்று கண்சிமிட்டினாள்.

அந்தப் பக்கத்துப் பாரில் கூரை மேல் டிஷ். படம் உடனே வந்துவிடும். இந்தப் பக்கம் இணையத்தில் ஊர்ந்து ஊர்ந்து, அரை நிமிடம் கழித்து வரும். சுவரோரம் ஒரு மூலை நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தால் அடுத்த பாரின் கூச்சல் நேரே காதில் வந்து விழும்.

நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சோதிப்பவன், காதால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்குக் கூச்சலுக்குக் குறை வந்துவிடக் கூடாதே என்று, வீட்டில் தலைவலி சொல்லிவிட்டு அவளே அந்தப் பாரில் போய் உட்கார்ந்திருந்தாள். அவள் தொண்டை தனியாகக் கேட்டது.

எதிரணி ஒரு கோல் திருப்பியது. ஆட்டம் சமனிலேயே இழுத்துக்கொண்டு போனது. முடிகிற நேரத்தில் சுவர் மறுபடி அலறியது. அரை நிமிடம் கழித்து இங்கே விசில். ஊர் அணிக்குப் பெனால்ட்டி.

நடுவர், எதற்கும் ஒருமுறை பதிவைப் பார்த்துவிடுகிறேன் என்று ஓரமாகப் போனார். ஆளாளுக்கு நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் எழுந்து, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். இறுதிப் போட்டியில், பெனால்ட்டிக்கு முன்னால், காற்று வாங்கப் போகிற மனிதரை அந்தப் பார் அதுவரை பார்த்ததில்லை.

அவர் திரும்பி வந்து, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டபோது, திரையில் பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லு தம்பி. உள்ள போகுமா, போகாதா?"

அவன் சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்தான். இதற்குள் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஒரு 'ச்சே' கூட இல்லை. அவள் தொண்டையுமா அடைத்துப்போனது?

சுவர், சுவராக இருந்தது.

போகும், போகாது, இரண்டே பதில்தான். பூவா தலையா மாதிரி ஒன்றைச் சொல்லிவிடலாம். சொல்ல வாயும் திறந்தான். மேசை மேல் இருந்த ஓட்டுநரின் கையைப் பார்த்தான். எத்தனையோ வருடம் பேருந்தை வளைத்துத் திருப்பிய கை, மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது.

"தெரியலங்க," என்றான். "பாத்தாதான் தெரியும்."

"அப்ப பாரு."

பார்த்தான்.

உதைக்க வந்தவரின் ஒரு காலுறை சரிந்து கிடந்தது. உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். எதிரில் நின்றவரின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. இதெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது? ஓடி வந்தார். உதைத்தார். கோல்கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ந்தார். விரல் பட்டது. பந்து கம்பத்தில் மோதி, கோட்டின் மேல் ஒரு கணம் யோசித்து, உள்ளே போனது.

தனக்குள்ளிருந்து என்ன சத்தம் வந்தது என்று அவனுக்கே தெரியாது. நினைவு வந்தபோது அவன் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தான். ஓட்டுநரின் கழுத்து அவன் கைகளுக்குள் இருந்தது. எலுமிச்சைச் சாறு இருவர் சட்டையிலும் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. சுவர் இன்னும் கத்தவில்லை.

கதவு திறந்தது. பக்கத்துப் பார் முதலாளி எட்டிப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தப் பாரே திரண்டு நின்றது. அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் செக்கச்செவேலென்று, கண் பிதுங்க நின்றார்கள். முன்வரிசையில் அவள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"டிரைவரே, தாடை வலிக்குது," என்றார் முதலாளி. "இப்பவாவது கத்திக்கலாமா?"

ஓட்டுநர் சட்டையில் வழிந்த சாற்றை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளையே கத்திட்டாரு. இனி உங்க இஷ்டம்."