பின்கதவு

கார்களின் சிறு மாதிரிகளைச் செய்வது தணிகாசலத்தின் பொழுதுபோக்கு. இந்த முறை செய்தது அவர்களுடைய பழைய காரையே. அது ஏரிக்குள் இறங்கிய அன்று அவரும் மனைவி மேகலையும் கரையேறினார்கள். பின்சீட்டில் இருந்த மகள் கயல் ஏறவில்லை. அதன் பிறகு இருவரும் அந்தக் காரைப் பற்றிப் பேசியதே இல்லை.

உள்ளங்கை நீளக் காரில் அவர் முன்கண்ணாடி வைப்பரை இடுக்கியால் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தபோது மேகலை வந்து பின்னால் நின்றாள்.

“அப்படியே இருக்கு. அவ ஒட்டின ஸ்டிக்கரைக் கூட விடலையே நீங்க.”

“நாளைக்குக் கண்காட்சிக்குக் குடுக்கணும்.”

“பின்கதவு திறக்குமா?”

“திறக்காது. பாடி முழுக்க ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. கதவுன்னு தெரியறது வெறும் கோடுதான்.”

மேகலை குனிந்து சன்னல் வழியாக உள்ளே பார்த்தாள்.

“அன்னிக்கும் திறக்கல,” என்றாள்.

கதவை அறுத்துத் திறந்தால் வண்ணப்பூச்சு உரிந்துவிடும். நாளைக்குள் சரிசெய்ய முடியாது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தாள். பிறகு அவர் மெல்லிய கத்தியை எடுத்து, பின்கதவின் கோட்டில் முனையை வைத்தார்.

“வண்டியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ,” என்றார்.